குதிரைத்திறன் கடைசியில் வரட்டும்

(வீட்டு நீச்சல் குளத்துக்குப் பம்ப் தேர்ந்தெடுப்பது பற்றி, வீடு கட்டுவோரும் கட்டடப் பொறியாளர்களும் கலந்துகொண்ட கோவைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோவையில் வந்து பம்ப் பற்றிப் பேசுவதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் உள்நாட்டிலேயே உருவான மின்மோட்டாரைச் செய்து காட்டிய ஊர் இது. அதற்குப் பிறகு தெருவுக்கு ஒரு பட்டறை வைத்து மோட்டாரும் பம்பும் செய்து நாடு முழுவதற்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கு இம்பெல்லர் என்றால் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை.

ஆனால் அந்தப் பழக்கமே நீச்சல் குளம் என்று வரும்போது நம்மைத் தப்பான பக்கம் இழுத்துவிடுகிறது. ஆனைகட்டிப் பக்கமோ பொள்ளாச்சிப் பக்கமோ தோட்டத்து வீடு கட்டுகிறவர், பின்புறம் ஒரு சின்னக் குளமும் கட்டுகிறார். பம்ப் வாங்கக் கடைக்குப் போகிறார். அவர் கேட்கும் முதல் கேள்வி: "எத்தனை ஹெச்.பி. போடலாம்?" கடைக்காரர், "ஒன்றரை போதும், எதற்கும் ரெண்டாகவே போட்டுக்கங்க" என்கிறார். அந்த 'எதற்கும்' என்ற சொல்லுக்கு வீட்டுக்காரர் அடுத்த பத்து வருஷம் கரன்ட் பில் கட்டுகிறார்.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். குளத்துக்குப் பம்ப் எடுக்கும்போது குதிரைத்திறன் கடைசியில் வரவேண்டிய விடை. அதற்கு முன்னால் நான்கு கணக்குகள் இருக்கின்றன: தண்ணீரின் அளவு, அது சுற்றிவரும் நேரம், வடிகட்டியின் பரப்பு, குழாயின் உராய்வு. இந்த நான்கையும் போட்டு முடித்தால் ஹெச்.பி. தானாக வந்து நிற்கும். நான்கையும் விட்டுவிட்டு ஹெச்.பி.யில் தொடங்கினால் வடிகட்டி, குழாய், கரன்ட் பில், சில சமயம் குழந்தைகளின் உயிர்கூடப் பணயமாகிவிடும்.

கிணற்று மோட்டார் வேறு, குளத்துப் பம்ப் வேறு

கொங்கு நாட்டில் நிலத்தடி நீர் இறங்கிய கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். திறந்த கிணற்றில் 3 ஹெச்.பி., 5 ஹெச்.பி. மோட்டார் ஓடியது ஒரு காலம். பிறகு போர் போட்டோம். 300 அடி, 600 அடி என்று போய் இன்று ஆயிரம் அடியையும் தாண்டிவிட்டோம். ஆழம் கூடக் கூட மோட்டாரும் பெரிதாகிக்கொண்டே வந்தது. பெரிய மோட்டார் இருந்தவர் வயல் நனைந்தது. ஆகவே ஹெச்.பி. கூடினால் நல்லது என்பது நம் அனுபவத்தில் ஊறிப்போனது. கிணற்றைப் பொறுத்தவரை அது நியாயமும்கூட. ஆழத்திலிருந்து தண்ணீரைத் தூக்க வேண்டும். தூக்குவதற்கு வலு வேண்டும்.

நீச்சல் குளத்தில் யாரும் எதையும் தூக்கவில்லை. குளத்திலிருந்து புறப்படுகிற தண்ணீர் வடிகட்டிக்குள் போய், திரும்ப அதே குளத்துக்கு, அதே மட்டத்துக்கு வந்து சேர்கிறது. பம்ப் அறை குளத்து நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே இருந்தாலும் சரி, சற்று மேலே இருந்தாலும் சரி, ஏறியது இறங்கியதோடு கழிந்துவிடும். குழாய்களில் தண்ணீர் நிரம்பி ஓடத் தொடங்கிய பிறகு பம்ப் எதிர்த்துப் போராடுவது உராய்வு ஒன்றோடுதான்.

இதனால்தான் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பைக் குளத்துக்குப் போடக்கூடாது. அந்த வகைப் பம்ப் நிறைய உயரத்துக்குக் கொஞ்சம் தண்ணீரைத் தள்ளுவதற்காக வடிவமைக்கப்பட்டது. ஒரு ஹெச்.பி. ஜெட் வகைப் பம்ப் மூன்று மாடி தாண்டி ஏற்றும். மணிக்கு ரெண்டாயிரம், மூவாயிரம் லிட்டர்தான் கொடுக்கும். நமக்கு வேண்டியது நேர் எதிர்: குறைந்த ஹெட் (பம்ப் எதிர்கொள்ளும் தடையை மீட்டர் உயரமாகச் சொல்லும் அளவு), நிறைய தண்ணீர். அதோடு, குளத்துப் பம்பின் முன்னால் இலை, முடி, பூ எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும் கூடை ஒன்று இருக்கும். உடல் பிளாஸ்டிக்கால் ஆனது. குளோரின் தண்ணீர் அதை அரிக்காது. மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக வரும் வார்ப்பிரும்பு மோனோபிளாக்கில் இந்த இரண்டும் கிடையாது.

முதல் கணக்கு: எவ்வளவு தண்ணீர்?

ஒரு குளத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை கணக்குப் போட்டுப் பார்ப்போம். 26 அடி நீளம், 13 அடி அகலம். ஒரு முனையில் 4 அடி ஆழம், மறுமுனையில் 5 அடி, சராசரி நாலரை. மூன்றையும் பெருக்கினால் 1,521 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். ஆக, ஏறத்தாழ 43,000 லிட்டர். நாலு பெரிய லாரித் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆழத்தைக் குளத்தின் விளிம்பிலிருந்து அளக்காதீர்கள். தண்ணீர் நிற்கும் மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். இரண்டுக்கும் அரையடி வித்தியாசம் வந்தாலே இந்தக் குளத்தில் கிட்டத்தட்ட 4,800 லிட்டர் பிசகிவிடும். இன்னொன்று: இணையத்தில் பார்க்கும் அமெரிக்கக் கணக்குகள் கேலனில் இருக்கும். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பழைய பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். இரண்டையும் குழப்பினால் கணக்கு ஐந்தில் ஒரு பங்கு தப்பும். லிட்டரிலேயே போட்டுவிடுங்கள்.

இரண்டாவது கணக்கு: எத்தனை மணி நேரத்தில் சுற்ற வேண்டும்?

குளத்தின் மொத்த அளவுக்கு இணையான தண்ணீர் ஒருமுறை வடிகட்டி வழியாகப் போய்வரும் நேரத்தை ஒரு சுற்று என்கிறோம். நூற்றுக்கணக்கானோர் குளிக்கும் பொதுக் குளத்துக்கு 4 முதல் 6 மணி நேரம். வீட்டுக் குளத்துக்கு 6 முதல் 8 மணி நேரம். இது இத்துறையில் பழகிப்போன அளவு. நம் குளத்தில் 8 மணி நேரச் சுற்று என்றால் மணிக்கு 5,400 லிட்டர். 6 மணி நேரச் சுற்று என்றால் 7,200 லிட்டர்.

ஒரு சுற்று முடிந்தால் குளம் முழுக்கச் சுத்தமாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வடிகட்டிய தண்ணீர் திரும்ப வந்து வடிகட்டாத தண்ணீரோடுதான் கலக்கிறது. அடுத்த முறை பம்ப் இழுக்கும்போது அந்தக் கலவையைத்தான் இழுக்கிறது. சுத்தமானதும் அதில் ஒரு பகுதியாகத் திரும்பப் போய்க்கொண்டிருக்கும். கேஜ், பிட்வெல் என்ற இரு அமெரிக்கர்கள் 1926-இல் இதற்கு ஒரு கணக்கு வகுத்தார்கள். முதல் சுற்றில் அழுக்கில் 63 சதவீதம் நீங்கும், இரண்டாவது முடியும்போது 86, மூன்றாவதில் 95, நான்காவதில் 98. நூறு என்பது வராது. அந்த எண்களை உற்றுப் பாருங்கள். முதல் சுற்றுக்கு 63 கிடைத்தது; இரண்டாவதற்கு 23; மூன்றாவதற்கு 9; நான்காவதற்கு வெறும் 3. ஒரு குடும்பம் குளிக்கும் குளத்துக்கு நாளொன்றுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு சுற்று போதும். மிச்சத்தைக் குளோரின் பார்த்துக்கொள்ளும்.

நம் ஊர் வெயிலில் கோடைக்காலத்தில் தண்ணீர் சூடேறும், பாசி பிடிக்கும். அப்போது சுற்றுகள் கூட வேண்டும். அதற்குப் பெரிய பம்ப் வாங்கத் தேவையில்லை. அதே பம்பைக் கூடுதல் நேரம் ஓடவிட்டால் போதும். மார்கழியில் 8 மணி நேரம், சித்திரையில் 11 மணி நேரம். டைமர் ஒன்று போட்டுவிட்டால் நீங்கள் நினைவில் வைத்திருக்கவும் வேண்டாம். நேரத்தைக் கூட்டுவதா, வலுவைக் கூட்டுவதா என்று வரும்போதெல்லாம் நேரத்தையே கூட்டுங்கள். ஏன் என்பது இன்னும் சற்று நேரத்தில் விளங்கும்.

மூன்றாவது கணக்கு: வடிகட்டி எவ்வளவு தாங்கும்?

பெரும்பாலான வீட்டுக் குளங்களில் இருப்பது சாண்ட் ஃபில்டர். ஒரு உருண்டைத் தொட்டி, உள்ளே சலித்தெடுத்த மணல். தண்ணீர் மேலே நுழைந்து மணல் வழியாக இறங்கிக் கீழே வெளியேறுகிறது. அந்த மணல் எவ்வளவு நுண்ணிய அழுக்கைப் பிடிக்கும் என்பது தண்ணீர் எவ்வளவு நிதானமாக இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. வீட்டில் காபி ஃபில்டரில் வெந்நீரை ஊற்றிவிட்டு அவசரப்பட்டு அழுத்திப் பாருங்கள்; டிகாக்ஷனோடு பொடியும் இறங்கிவிடும். மணலும் அப்படித்தான்.

கணக்கு இதுதான்: ஒரு சதுர மீட்டர் மணற்பரப்பு வழியாக மணிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர் இறங்குகிறது? 25, 30 இருந்தால் வடிகட்டல் அருமையாக இருக்கும். வீட்டுக்கான ஃபில்டர்களில் 50 வரை போகலாம் என்று தயாரிப்பாளர்கள் அனுமதிக்கிறார்கள். அதற்கு மேல் போகக்கூடாது.

20 அங்குல ஃபில்டரின் குறுக்குப் பரப்பு கிட்டத்தட்ட 0.196 சதுர மீட்டர். அதில் மணிக்கு 7,200 லிட்டர் விட்டால் வேகம் 37 வருகிறது. ஏற்கத்தக்க அளவு. இன்னும் தெளிந்த தண்ணீர் வேண்டும் என்றால் 24 அங்குலம் போடலாம். வேகம் 25-க்கு இறங்கும்.

ஆனால் ஃபில்டரை இஷ்டத்துக்குப் பெரிதாக்கவும் முடியாது. அழுக்கு சேர்ந்ததும் தண்ணீரைத் தலைகீழாக, கீழிருந்து மேலே அனுப்பி மணலைக் கழுவ வேண்டும். பேக்வாஷ் என்கிறோம். அப்போது மணல் படுக்கை தளர்ந்து மேலெழ வேண்டும். அதற்கு ஒரு சதுர மீட்டருக்கு மணிக்குச் சுமார் 40 கன மீட்டர் வேண்டும். 20 அங்குல ஃபில்டருக்கு அது மணிக்கு 8,000 லிட்டர். 24 அங்குலத்துக்கு 11,000-க்கும் மேல். பம்ப் அவ்வளவு கொடுக்காவிட்டால் மணல் கழுவப்படாது. அழுக்கு உள்ளேயே கட்டிதட்டிவிடும். நம் போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் மணல் இறுகிப்போவது இங்கே இன்னும் எளிது.

ஆக, பம்புக்கு மேலெல்லையும் கீழெல்லையும் வடிகட்டியே வகுத்துவிடுகிறது. 20 அங்குல ஃபில்டர் என்றால் மணிக்கு 8,000 லிட்டருக்குக் குறையவும் கூடாது. 9,800-ஐத் தாண்டவும் கூடாது. நாம் 8,000 என்று வைத்துக்கொள்வோம். அப்போது நம் குளம் கிட்டத்தட்ட 5 மணி 23 நிமிடத்தில் ஒருமுறை சுற்றிவிடும். 8 மணி நேரம் ஓடினால் ஒன்றரைச் சுற்று. தேவைக்குச் சரியாகப் பொருந்துகிறது.

நான்காவது கணக்கு: குழாயும் உராய்வும்

குழாயில் தண்ணீரின் வேகத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. பம்ப் இழுக்கும் பக்கத்தில் வினாடிக்கு ஒன்றரை மீட்டர். தள்ளும் பக்கத்தில் இரண்டு, இரண்டரை. இழுக்கும் பக்கம் இதைத் தாண்டினால் குழாய்க்குள் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கி, பம்புக்குள் நீர்க்குமிழிகள் தோன்றி வெடிக்கும். கூழாங்கல்லை உருட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தோடு ஓடும் பம்ப் நெடுநாள் தாங்காது.

மணிக்கு 8,000 லிட்டர் 63 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயில் போனால் வேகம் வினாடிக்கு 0.9 மீட்டர்கூட வராது. சௌகரியமான அளவு. பிளம்பர் மிச்சம் பிடிக்கிறேன் என்று 50 மில்லிமீட்டர் போட்டால் வேகம் 1.4 ஆகிறது. வரம்புக்குள்தான், ஆனால் உராய்வு ஏறத்தாழ மூன்று மடங்கு. குழாய் விட்டத்தில் சின்னக் குறைவு உராய்வில் பெரிய கூடுதலாகத் திரும்பி வரும். குழாய்க்கு ஒருமுறைதான் காசு கொடுக்கிறீர்கள். உராய்வுக்குத் தினமும் கொடுக்கிறீர்கள்.

இப்போது மொத்தத் தடையைக் கூட்டிப் பார்ப்போம். பம்ப் அறை பக்கத்திலேயே இருந்து, 63 மில்லிமீட்டர் குழாய் போட்டு, எல்போ என்னும் வளைவுகளை அளவோடு வைத்திருந்தால் குழாய்த் தடை ஒன்று, ஒன்றரை மீட்டர் ஹெட்தான். சுத்தமான ஃபில்டரும், வடிகட்டல், பேக்வாஷ் என்று தண்ணீரின் வழியை மாற்றும் அதன் மல்டிபோர்ட் வால்வும் மூன்று, நாலு மீட்டர். ஸ்கிம்மர் (மேலே மிதக்கும் குப்பையை இழுக்கும் வாய்), கூடை, தண்ணீர் திரும்பும் வாய்கள் எல்லாம் சேர்ந்து இன்னும் ஒன்று, ஒன்றரை. மொத்தம் ஆறு, ஏழு மீட்டர். ஃபில்டரில் அழுக்கு சேரச் சேரத் தடை ஏறும். அழுத்தமானியில் வழக்கத்தைவிட அரை பார் கூடினால் பேக்வாஷ் செய்ய வேண்டும் என்பது விதி. அரை பார் என்பது 5 மீட்டர் ஹெட். ஆக, நம் பம்ப் 7 மீட்டருக்கும் 12 மீட்டருக்கும் நடுவில் வேலை செய்யும். நடுவாக 10 மீட்டர் என்று எடுத்துக்கொள்வோம்.

விடை

இப்போது கடைக்குப் போகலாம். கேட்க வேண்டியது: "10 மீட்டர் ஹெட்டில் மணிக்கு 8,000 லிட்டர் கொடுக்கும் பம்ப் எது? அதன் கர்வைக் காட்டுங்கள்." ஒவ்வொரு நல்ல பம்புக்கும் தயாரிப்பாளர் ஒரு வளைகோடு கொடுத்திருப்பார். ஹெட் கூடக் கூடத் தண்ணீர் எப்படிக் குறைகிறது என்று அது காட்டும். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 'அதிகபட்சம் 16,000 லிட்டர்' என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். அது ஹெட்டே இல்லாதபோது வரும் அளவு. 'அதிகபட்ச ஹெட்' என்பதையும் நம்ப வேண்டாம். அப்போது தண்ணீரே வராது. நமக்கு வேண்டிய புள்ளி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

அந்தப் புள்ளிக்கு எவ்வளவு வலு வேண்டும்? மணிக்கு 8,000 லிட்டரை 10 மீட்டர் தடைக்கு எதிராகத் தள்ளத் தண்ணீருக்குச் சேர வேண்டியது 218 வாட்தான். சின்னப் பம்ப்களின் திறன் நாற்பத்தைந்து, ஐம்பது சதவீதம் என்று வைத்தாலும் மோட்டார் தண்டில் 485 வாட்டுக்குள் முடிந்துவிடும். ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட். ஆக, நமக்கு வேண்டியது முக்கால் ஹெச்.பி.

ஆமாம், முக்கால். கடைக்காரர் சொன்ன ரெண்டில் பாதிகூட இல்லை.

ரெண்டு போட்டால் என்ன கெட்டுப்போகும்?

"சார், பெரிதாகப் போட்டால் சீக்கிரம் சுற்றிவிடும், சீக்கிரம் நிறுத்திவிடலாமே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இங்கேதான் உராய்வின் குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அதே குழாய், அதே ஃபில்டர் வழியாக இருமடங்கு தண்ணீர் போக வேண்டுமென்றால் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். தண்ணீர் இரண்டு மடங்கு, தடை நான்கு மடங்கு. வலு எட்டு மடங்கு வேண்டும். தலைகீழாகச் சொன்னால், ஹெச்.பி.யை இரண்டு மடங்காக்கினால் தண்ணீர் 26 சதவீதம்தான் கூடும். முக்காலிலிருந்து ரெண்டுக்குப் போனால் வலு இரண்டரை மடங்குக்கும் மேல். தண்ணீர் கூடுவதோ 40 சதவீதத்துக்குள்.

கரன்டில் பார்ப்போம். முக்கால் ஹெச்.பி. பம்ப் தோராயமாக 750 வாட் இழுக்கும். 8 மணி நேரத்துக்கு 6 யூனிட். அதே அளவு தண்ணீரை 2 ஹெச்.பி. பம்ப் 6 மணி நேரத்துக்குள் சுற்றிவிடும். ஆனால் கிட்டத்தட்ட 11 யூனிட் எடுத்துக்கொள்ளும். இரண்டு மாத பில்லில் 360 யூனிட் வர வேண்டிய இடத்தில் 650 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் அடுக்கடுக்காக ஏறுவது. இந்தக் கூடுதல் யூனிட்கள் எல்லாம் ஏ.சி., ஃபிரிட்ஜ் கணக்குக்கு மேலே, விலை உயர்ந்த அடுக்கில் போய் விழும்.

வடிகட்டலும் கெடும். 2 ஹெச்.பி. பம்ப் மணிக்கு 11,000 லிட்டர் தள்ளும்போது 20 அங்குல ஃபில்டரில் வேகம் 56. அனுமதித்த 50-ஐ எப்போதோ தாண்டியாயிற்று. மணலில் ஓட்டை விழுந்து தண்ணீர் குறுக்குவழியில் ஓடும். அதிக கரன்ட் செலவழித்துக் கலங்கல் தண்ணீரை வாங்குகிறோம். கலங்கலைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் இன்னும் பெரிய பம்ப் தேடுவார்.

இழுவிசை: உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்

இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். குளத்தின் அடியில் மெயின் டிரெயின் என்று ஒரு வாய் இருக்கிறது. அதன் வழியாகவும் பம்ப் தண்ணீரை இழுக்கிறது. அந்த வாய் ஒன்றே ஒன்றாக இருந்து, ஒரு குழந்தையின் உடம்பு அதை அடைத்துவிட்டால், பம்பின் இழுவை முழுவதும் அந்த உடம்பின் மேல் விழும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு வாயில் வளிமண்டல அழுத்தத்தில் பாதி அளவுக்கு வெற்றிடம் ஏற்பட்டால் பிடிப்பு 160 கிலோ எடைக்குச் சமம். இரண்டு பெரியவர்கள் சேர்ந்து இழுத்தாலும் விடாது.

இது கற்பனை இல்லை. அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி, ஏழு வயதுச் சிறுமி, 2002-இல் வெந்நீர்த் தொட்டி ஒன்றின் வடிகால் வாயில் சிக்கி இறந்துபோனாள். தாய் எவ்வளவு போராடியும் மீட்க முடியவில்லை. அந்தத் தாய் ஓயாமல் முயன்றதன் பயனாக 2007-இல் அந்தச் சிறுமியின் பெயரிலேயே, விர்ஜினியா கிரேம் பேக்கர் சட்டம் என்று, நீச்சல் குளப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று அங்கே வந்தது. உடம்பு ஒட்டிக்கொள்ளாத வடிவில் வடிகால் மூடி வேண்டும் என்பது அதன் சாரம்.

நாம் செய்ய வேண்டியது எளிது. மெயின் டிரெயின் இரண்டாக இருக்கட்டும். இரண்டுக்கும் இடையே குறைந்தது மூன்றடி இருக்கட்டும். இரண்டும் ஒரே குழாயில் சேரட்டும். ஒன்று அடைபட்டாலும் மற்றது இழுத்துக்கொள்ளும். மேலே குவிந்த மூடி போடுங்கள். மூடி உடைந்தால் அதை மாற்றும் வரை பம்பை ஓட்டாதீர்கள். பம்ப் எவ்வளவு பெரிதோ, இந்த ஆபத்தும் அவ்வளவு பெரிது.

வேகம் மாற்றும் பம்ப் வேண்டுமா?

இப்போது சந்தையில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பம்ப்கள் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மின்சிக்கன விதிகளால், அங்கே புதிதாக விற்கும் குளத்துப் பம்ப்களில் பெரும்பகுதி இந்த வகையாக மாறிவிட்டது. காரணம் நாம் பார்த்த அதே கணக்குதான். வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீர் பாதி, வலு எட்டில் ஒரு பங்கு. இரண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும் மொத்தச் செலவு கால் பங்கு. மோட்டாரிலும் மின்னணுக் கருவியிலும் இழப்பு உண்டு என்பதால் நடைமுறையில் இவ்வளவு கிடைக்காது. ஆனாலும் மிச்சம் கணிசமானது.

வாங்கலாமா? ஒரு லட்சம் லிட்டர் குளம், அதோடு ஜக்குஸியும் நீர்வீழ்ச்சியும் என்றால் தயங்காமல் வாங்குங்கள். நம் கணக்கில் வந்த 43,000 லிட்டர் குளத்துக்கு, அளவாக எடுத்த சாதாரண முக்கால் ஹெச்.பி. பம்ப் ஏற்கனவே சிக்கனமாகத்தான் ஓடுகிறது. கூடுதல் விலையைத் திரும்ப எடுக்க நெடுநாள் ஆகும். வாங்கினாலும், நாள் முழுக்க மெதுவாகவே ஓடவிடாதீர்கள். மேலே மிதக்கும் வேப்பம்பூவையும் புங்க இலையையும் ஸ்கிம்மர் இழுக்க தினம் ஒரு மணி நேரமாவது வேகமாக ஓட வேண்டும். பேக்வாஷுக்கும் முழு வேகம் வேண்டும்.

சில சில்லறை விஷயங்கள்

விளிம்பில் தண்ணீர் வழிந்தோடும் இன்ஃபினிட்டி குளத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. வழிந்த தண்ணீர் கீழே ஒரு தொட்டியில் சேர்ந்து, அங்கிருந்து மேலேற வேண்டும். அந்த உயரத்தை ஹெட்டில் சேர்க்க வேண்டும். நீரூற்று, நீர்வீழ்ச்சி, மசாஜ் ஜெட் ஆகியவற்றுக்குத் தனிப் பம்ப் வையுங்கள். என்றோ வரும் விருந்தாளிக்காக ஓடும் அருவியின் சுமையைத் தினமும் ஓடும் பம்பின் மேல் ஏற்றக்கூடாது.

அமெரிக்கச் சந்தைக்குச் செய்த பம்பின் கர்வ் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குப் போட்டது. நம் நாட்டில் 50 ஹெர்ட்ஸ். அந்தப் பம்ப் இங்கே ஓடினால் தண்ணீர் 83 சதவீதமாகவும் ஹெட் 69 சதவீதமாகவும் குறையும். கர்வின் மூலையில் 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எண்களைப் படிக்க வேண்டும்.

பம்பைக் குளத்துக்குப் பக்கத்தில், முடிந்தால் நீர்மட்டத்துக்குக் கீழே வையுங்கள். காற்று பிடிக்கும் தொல்லை இருக்காது. பம்புக்குள் நுழையும் இடத்தில் எல்போ வைக்காமல் ஒன்றரை அடியாவது நேர்க்குழாய் விடுங்கள். மல்டிபோர்ட் வால்வைத் திருப்பும்போது பம்பை நிறுத்திவிட்டுத் திருப்புங்கள். எந்தப் பம்பும் பாசியைக் கொல்லாது என்பதும் நினைவிருக்கட்டும். லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரினும் 7.2 முதல் 7.8 வரை பி.ஹெச்.சும் இல்லாவிட்டால் 5 ஹெச்.பி. போட்டாலும் தண்ணீர் பச்சைதான்.

முடிவாக ஒரு வேண்டுகோள்

குளம் கட்டுகிறவர்கள் ஒப்பந்தக்காரரிடம் ஒரு தாள் கேளுங்கள். அதில் ஐந்து எண்கள் இருக்கட்டும்: குளத்தின் கொள்ளளவு லிட்டரில், ஒரு சுற்றுக்கான நேரம், ஃபில்டரின் விட்டம், குழாயின் விட்டம், மொத்த ஹெட். அந்தத் தாளைப் பம்பின் கர்வோடு பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். இங்கே இருக்கும் பொறியாளர்கள் இந்த ஐந்து எண்களையும் கேட்பதற்கு முன்பே எழுதிக் கொடுக்கும் வழக்கத்தை இந்த ஊரில் தொடங்கி வைக்க வேண்டும். பம்ப் செய்யும் ஊர், பம்ப் தேர்ந்தெடுப்பதிலும் முன்னால் நிற்கட்டும்.

குளத்தில் முதல் முறை தண்ணீர் நிரப்பும் முன் இரண்டு விஷயங்களை நீங்களே நேரில் நின்று பாருங்கள்: அடியில் இரண்டு வடிகால் வாய்களும் மூடியோடு இருக்கின்றனவா, பம்புக்கு எர்த்தும், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இருக்கின்றனவா. இந்த இரண்டும் இல்லாத குளத்தில் குழந்தைகளை இறக்க வேண்டாம்.